இரண்டு படகு ஒரு கப்பல்

கப்பல்களை அடிக்க விமானத்திலிருந்து ஏவும் அந்த ஏவுகணையின் விலையைக் குறைக்க, கம்பெனி அதன் கண்ணில்தான் கைவைத்தது. மலிவுக் கண்ணுக்கு நீளம் மட்டுமே தெரியும். குட்டையாக இருந்தால் படகு, விட்டுவிடும்; நீளமாக இருந்தால் கப்பல், அடித்துவிடும். அந்தக் கண்ணைச் சோதித்து அனுப்பும் வேலை பிரகாசிக்கு. இதை வெளியே, கட்டியவனிடம்கூட, மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போர் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டு வயர்லெஸ்ஸில், மீன்பிடிக்கப் போயிருந்த கணவன் மிக்கேல் கடலிலிருந்து பேசினான். "ஏட்டி, உன் தம்பி ரொசாரி போட்ல எஞ்சின் நின்னுட்டு. காத்து வேற அடிக்கு. விட்டுட்டா வர முடியும்? என் போட்டோட சேத்துக் கட்டிட்டேன்."

பிரகாசி பொத்தானை அழுத்திக் கத்தினாள். "ஐயோ, தம்பிய உங்க போட்ல ஏத்திக்கிட்டு கயித்த அறுத்து விடுங்க!"

அது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தால்தானே இவள் குரல் அங்கே போகும்? பேச ஆரம்பித்தால் மிக்கேல் கையை எடுத்ததே கிடையாது.

கூரை அதிர ஒரு விமானம் கடல் பக்கம் போனது.

"பயப்படாத, பிரகாசி. நம்மாளுங்க இன்னும் நாலு போட்டு வந்துட்டு. எல்லாத்தையும் வரிசையா கட்டியாச்சு," என்று மிக்கேல் சிரித்தான். "பாக்க கப்பல் மாதிரில்லா இருக்கு!"