குணமாகட்டும்

அது செவ்வாயா புதனா என்று ஜூடித்துக்குச் சரியாக நினைவில்லை. குரல் மட்டும் மறக்கவில்லை. செகந்திராபாத் தொலைபேசி மனநல ஆலோசனை மையத்துக்கு நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அழைப்பு.

“பேரு தாவீதும்மா. மூணு மாசமா தூக்கமில்ல. கட்டில விட்டு எந்திரிக்க முடியல.”

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?”



“தங்கச்சி எஸ்தருக்கு. சோம்பேறின்னு திட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவிடல. செத்துட்டா.”

“சோம்பேறித்தனம் இல்ல, நோய். குணமாகும். நாளைக்கே நெல்லை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க.”

பக்கத்து மேசை எவாஞ்சலின் சிரித்தாள். “எதுக்கு ஜூடி இவ்வளவு அக்கறை?”

“நல்லா தெளியட்டும். தெளிஞ்சாத்தான் செஞ்சது உறைக்கும்.”

தாவீது குணமாகிவிட்டார். எஸ்தர் கல்லறையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் ஜூடித் அவரை அழைக்கிறாள்.

“எஸ்தர் மக பேசுறேன் மாமா. சௌக்கியமா?”