பத்து மணிக்குத் திறக்க வேண்டிய கதவு

"மச்சான், மாடுகளுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றான் மரியரட்ணம்.

முப்பத்திரண்டு சிவப்பு மாடுகளும் புல்வெளியில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பின்னங்கால்களை ஆகாயத்துக்கு எறிந்தது. இன்னொன்று நின்ற இடத்திலேயே சுழன்றது. பால் கறக்கும்போது அசையாமல் நிற்கும் வயதான பசுகூட, வாலைத் தூக்கிக்கொண்டு நாலு காலும் நிலத்தில் படாமல் துள்ளியது.

லோரன்ஸ் வேலியோரம் வாயைப் பிளந்தபடி நின்றான். மரியரட்ணத்தின் மனைவி அருள்மலருக்கு அவன் தமையன். கோல்டிங் பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸில், புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, நல்ல செய்தி கேட்க வந்தவன்.

டேனிஷ்காரர் நீல்சனின் மாட்டுப் பண்ணையில் மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்து காட்டினால் வேலை நிரந்தரம். வளவு மூலையில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடும் மரியரட்ணத்துக்குத்தான். வீடு கிடைத்தால் ஊரிலிருந்து அருள்மலரைக் கூப்பிடலாம். அந்த மூன்று வாரமும் இன்றைக்கு, எண்பத்தைந்தாம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது.

ஊரில் பதினைந்து மாடு வைத்திருந்ததாக லோரன்ஸின் வாயால் நீல்சனிடம் அளந்துவிட்டுத்தான் மரியரட்ணம் உள்ளே நுழைந்திருந்தான். உண்மையில் அவன் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன். மாட்டோடு அவனுக்கிருந்த ஒரே பழக்கம், காலையில் படலையடியில் பால் போத்தல் வாங்கியது மட்டும்தான்.

"என்னத்தைக் குடுத்தனீ உதுகளுக்கு?" என்றான் லோரன்ஸ்.

"வழமையான தீன்தான். நேற்றுப் பின்னேரம் அந்தக் கிழட்டுப் பசுவுக்கு மட்டும் மிஞ்சின சோறு கொஞ்சம் குடுத்தனான்."

"வெறுஞ்சோறோ?"

"சம்பல் கொஞ்சம் ஒட்டியிருந்தது."

லோரன்ஸ் தலையில் கையை வைத்தான். "போச்சு. என்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கை ஒரு கரண்டி சம்பலிலை போச்சு."

"ஒண்டுக்குத்தானே குடுத்தனான். மற்ற முப்பத்தொண்டும் ஏன் துள்ளுது?"

"தொத்தியிருக்கும்."

பத்து மணிக்கு மாடுகளை வெளியே விடுவோம் என்று நீல்சன் நேற்றே மணிக்கூட்டையும் கதவையும் காட்டிச் சொல்லியிருந்தார். கடைசி நாளில் சொல்லாமலே செய்து முடித்தால் மனிதர் குளிர்ந்து போவார் என்று மரியரட்ணத்துக்குப் புத்தி போயிற்று. நீல்சனும் மனைவியும் பட்டணத்துப் பேக்கரிக்குப் போன நேரம் பார்த்து, எட்டு மணிக்கே கொட்டில் கதவைத் திறந்துவிட்டான்.

முற்றத்தில் கொடி ஏறியிருந்தது. வேலியோரம் இருபது கதிரைகள், எல்லாம் புல்வெளியைப் பார்த்தபடி வரிசையாகக் கிடந்தன. பிறந்தநாளுக்கும் கொடியேற்றுகிற நாடு, அதனால் யாருக்கோ பிறந்தநாள் என்று இருவரும் நினைத்தார்கள்.

"சனம் வேறை வரப்போகுது மச்சான். அதுக்கிடையிலை பிடிச்சு அடைச்சிடுவம்," என்றான் மரியரட்ணம்.

பாவம், அடுத்த ஒன்றரை மணித்தியாலத்தில் இருவரும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. லோரன்ஸ் இரண்டு முறை விழுந்தான், ஒரு புதுச் சப்பாத்து சேற்றோடு போயிற்று. மரியரட்ணம் தீன் வாளியைத் தட்டித் தட்டி, செபத்தையும் தூஷணத்தையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு ஓடினான். மாடுகளும் ஒருவழியாக ஓடிக் களைத்து, வயிறு முட்டப் புல் தின்று, வாளிக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன.

கடைசி மாட்டைக் கட்டவும் நீல்சனின் கார் வளவுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. பின்னாலேயே பாதிரியார், அயலவர்கள், பிள்ளைகள் என்று சனம் வந்து கதிரைகளை நிரப்பியது. கோப்பியும் கேக்கும் கைமாறின.

பத்து மணிக்கு நீல்சன் தொப்பியைக் கழற்றிச் சபைக்கு வணக்கம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். மாடுகள் பூசைக்குப் போகிறவர்களைப் போல வரிசையாக, ஆடி அசைந்து நடந்து வந்தன. கிழட்டுப் பசு நாலு அடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மரியரட்ணத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பதினைந்து மாடு வைத்திருந்தவனைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை டேனிஷில் ஏதோ சொல்லி அழத் தொடங்கியது.

"மாடுகள் ஏன் துள்ளேல்லையெண்டு அழுகுது," என்றான் பாஷை தெரிந்த லோரன்ஸ். பக்கத்துக் கதிரைக்காரரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பியபோது அவன் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"மச்சான், குளிர்காலம் முழுக்க உள்ளை கட்டி நிண்ட மாடுகள் முதல்நாள் புல்லைக் கண்டா சந்தோசத்திலை துள்ளுமாம். வருசத்திலை ஒருநாள்தானாம். அதைப் பாக்கத்தான் இவ்வளவு சனமும்."

உழுது போட்டதுபோல் கிடந்த புல்வெளியை நீல்சன் பார்த்தார். பிறகு லோரன்ஸின் ஒற்றைச் சப்பாத்தை. பிறகு மரியரட்ணத்தை.

"எல்லாத்தையும் சொல்லு மச்சான். ஊரிலை ஒரு மாடும் வைச்சிருக்கேல்லையெண்டும் சொல்லு," என்றான் மரியரட்ணம்.

லோரன்ஸ் பொய்யையும் சம்பலையும் சொல்லி முடித்தான், மாடுகள் துள்ளியதைச் சொல்லத்தான் அவனுக்கு வார்த்தை போதவில்லை. இனி இழக்க என்ன இருக்கிறது என்று மரியரட்ணம் புல்வெளிக்குள் இறங்கினான். ஒரு கையை வாலாகப் பின்னால் தூக்கிக் கிழட்டுப் பசுவைப் போலத் துள்ளினான், பிறகு வாளியோடு ஓடிய தன்னைப் போலவும் ஓடிக் காட்டினான். அழுத பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது, பாதிரியாரின் கோப்பி மடியில் ஊற்றுப்பட்டது.

நீல்சன் மட்டும் சிரிக்கவில்லை. லோரன்ஸைக் கூப்பிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்? போகட்டாமோ?" மூச்சு வாங்கக் கேட்டான் மரியரட்ணம்.

லோரன்ஸ் ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிக்கொண்டு வந்தான்.

"அடுத்த வருசம், சனம் கதிரையிலை இருந்தாப்பிறகு கதவைத் திறக்கட்டாம்."