மூடிய குழியில் ஒரு பானை

"பையைக் காட்டுங்க மேடம்" என்று கேட்கக் காவலாளிக்கு வாய் வரவில்லை. கேட்காமல் விடவும் மனம் வரவில்லை. அந்தம்மாவோ புடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய ஊர் ஒன்று புதைந்து கிடக்கும் மண்மேடு அது. தோண்டுகிறவர்கள் வீட்டுக்குப் போன பிறகு வேலிக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பிருந்த காவலாளி காலத்தில் பானைகள் களவு போய்ப் பழம்பொருள் வியாபாரிகள் கைக்குச் சேர்ந்தன; அவர் சீட்டும் கிழிந்தது.

அந்த இடத்தில் மச்சான் யார் யார் காலையோ பிடித்து இவரை உட்காரவைத்திருந்தார். "எங்க அண்ணன் மானத்தை வாங்கிடாதீங்க" என்று மனைவி தினமும் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். இப்போது தோண்டும் குழுவின் தலைவியே திருடினால் மனுஷன் யாரிடம் போய்ச் சொல்வது?

நல்ல அம்மாதான். முதல் நாளே தேநீர் கொடுத்து உட்காரவைத்து, பானை பெரிதில்லை, அது எந்த மண்ணில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் பெரிது, பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் வெறும் ஓடு என்று பொறுமையாக விளக்கினார். ஓய்வுபெற்ற தன் கணவர் கைவேலை கற்கிறேன் பேர்வழி என்று வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் செய்துவிட்டதாக நடுவில் கொஞ்சம் புலம்பவும் செய்தார்.

போன வாரம்தான் சந்தேகம் தட்டியது. காவலாளி கண்ணசந்த நேரம் பார்த்து, ஆய்வு முடிந்து மூடிய குழியை எவனோ கிளறிவிட்டான். பானை கிடந்த வட்டத் தடம்தான் மிச்சம். வேலை போயிற்று என்று நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னால், அந்தம்மா முகத்தில் கோபத்தையே காணோம். போனால் போகட்டும் என்றவர், உடையாமல் எடுத்துப் போனார்களா என்று அக்கறையாக வேறு விசாரித்தார்.

இன்று எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் மட்டும் பையோடு திரும்பி வந்தார். காவலாளி தகரக் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். அதே மூடிய குழிதான். அந்தம்மா குனிந்து மண்ணை விலக்கினார்; அப்புறம் பார்த்தால் கையில் ஒரு பானை. காவலாளி ஓடிவந்து வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"மேடம்... பையைக் கொஞ்சம் காட்டுங்க." ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

அந்தம்மா மறுபேச்சில்லாமல் பையைக் கவிழ்த்தார். கசங்கிய செய்தித்தாள்கள்தான் விழுந்தன.

காவலாளி பார்த்ததைத் திக்கித் திணறிச் சொல்லி, வேலையை விட்டு எடுத்துவிட வேண்டாம் என்று கும்பிட்டார்.

"என்னையே மறிச்ச ஆளை எப்படிங்க விடுவேன்?" என்று சிரித்த அந்தம்மா, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அந்தக் குழியில் கிடந்ததெல்லாம் எப்போதோ பத்திரமாக அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்துவிட்டது. திருட வருகிறவன் மண் லேசாக இருக்கும் இடத்தில்தான் கை வைப்பான். அங்கேயே ஒன்று அகப்பட்டால், இன்னும் தோண்டாத மேட்டின் பக்கம் போகமாட்டான். அதற்காக அவரே அவ்வப்போது ஒரு பானையை அங்கே கொண்டுவந்து புதைக்கிறார்.

காவலாளிக்கு மனம் ஆறவில்லை. "அதுக்காகப் பழங்காலத்துப் பானையைத் திருடனுக்குத் தூக்கிக் குடுக்கலாமா மேடம்?"

"அது எங்க வீட்டுக்காரர் பண்ணதுங்க. திருடனுக்காவது பிடிச்சுதேன்னு மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்."