கவிழாத தயிர்

பூவம்மா பால் கேனை இறக்கி வைக்கும் முன்பே தயாபரன் கையை நீட்டித் தடுத்தார். பண்டாரவளையில் அவருடைய தயிர்க்கடைக்கு இருபது வருடப் பெயர்.

“ஒன் பால் இனிமே வேணாம், பூவம்மா. இந்தச் சட்டியப் பாரு.”

சரித்துக் காட்டினார். தயிர் கஞ்சியைப் போல ஓடியது.

“எவ்வளவு தண்ணி ஊத்துன?”

“சாமி சத்தியமா ஒரு சொட்டுகூட ஊத்தலைங்க முதலாளி. பால நிப்பாட்டிட்டீங்கன்னா புள்ளைங்க படிப்பே நின்னு போகும்.”

“இது கணபதி பால்ல போட்டது.” இன்னொரு சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தயிர் அசையவில்லை. “நேர்மையான மனுசன். ஒங்க தோட்டத்துல பக்கத்து லயத்து வீடுதானே? அவன்கிட்டப் போய்ப் படிச்சிட்டு வா.”

“அவரு கறக்குறது எங்ககிட்ட இருந்த சிவப்பிதாங்க. நாந்தான் வித்தேன்.”

“என்னது?”

“இப்ப நான் கறக்குறது அதோட மக. மாட்டு டாக்டர்கிட்ட கேட்டேன். சீமை மாட்டுப் பெரிய ஜாதி கலந்தா பால் கூடுமாம், தயிர இறுக்குற புரதம் கொறையுமாம்.”

“கையில இருந்த நல்ல மாட்ட எந்த மடையன் பேச்சக் கேட்டு வித்த?”

பூவம்மா கேன் மூடியை முந்தானையால் துடைத்தாள்.

“‘நாலு லிட்டர் எந்த மூலைக்கு? சிவப்பிக்குப் பெரிய ஜாதிச் சினை ஊசி போடு, கன்னு கறவைக்கு வந்ததும் தாய வித்துரு’ன்னு இதே எடத்துல நின்னு நீங்கதானே சொன்னீங்க, முதலாளி?”

தயாபரன் கவிழ்த்த சட்டியை மெல்ல நிமிர்த்தி வைத்தார்.

“கேன உள்ள கொண்டா. தாய் பாலையும் மக பாலையும் ஒண்ணா ஊத்திப் பாப்போம்.”