ஒயர் இல்லாத சுவிட்ச்

பயிற்சிக் கூடத்தில் இருப்பது போலி ஹெலிகாப்டர், வெறும் விமானி அறை மட்டும்தான். அதன் சுவிட்சுகளைப் பொருத்தியவள் நான். மூன்று நாளாகப் பயிற்சியாளர் புகார்ப் புத்தகத்தில் ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தார்: 'எரிபொருள் பம்ப் சுவிட்ச் ஆனில் கிடக்கிறது. பொறுப்பு: எலக்ட்ரீஷியன்.'

இன்று அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மேஜையில் போட்டேன்.

"மூணு நாளா எழுதத் தெரியுது. கையை நீட்டி ஆஃப் பண்ணத் தெரியலையா சார்?"

"அது என் வேலை இல்லம்மா."

அந்த மூன்று நாளும் எங்கள் கூரைக்கு மேலே, மேகத்துக்குள், ஏதோ ஒரு ஹெலிகாப்டர் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் ஓயாமல் அதிர்ந்தன. பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது.

அவரைக் கையோடு கூட்டிப்போய், சுவிட்ச் பலகையைக் கழற்றிக் காட்டினேன். அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் ஒயரே கிடையாது.

"சும்மா பார்வைக்கு ஒட்டி வெச்சது சார். இதுக்கா என் பேரைக் கெடுத்தீங்க? இது ஆன்ல கிடந்து என்ன குடி முழுகிப்போச்சு?"

சொல்லிக்கொண்டே ஆஃப் செய்தேன். மேலே இரைச்சல் நின்றது; கண்ணாடிகள் அடங்கின.

இருவரும் கூரையைப் பார்த்தோம்.

"மறுபடி ஆன் பண்ணும்மா," என்றார், கத்தாமல்.

செய்தேன். நாலைந்து முறை செய்தேன். கண்ணாடிகள் அசையவில்லை.