நாற்பது அடி

கடல் கரையைத் தின்கிறதா என்று கவனிக்க நண்டுகள் ஒரு குழு வைத்திருந்தன. மாதம் ஒரு கூட்டம். கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து அலை வரைக்கும் தலைவர் நண்டு அடி எண்ணிக்கொண்டே போய்த் திரும்பி வரும்.

"நாற்பது அடி. போன மாதமும் நாற்பதுதான். பயப்பட ஒன்றுமில்லை."

மணலில் முட்டையிட்டிருந்த உப்புக்கொத்திக் குருவிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"தலைவரே, போன மாதம் அந்த உடைந்த படகுக்குப் பக்கத்தில் இருந்து எண்ணினீர்கள். இப்போது படகே தண்ணீருக்குள் கிடக்கிறது. கண் தெரியவில்லையா?"

"தெரிந்ததனால்தானே அம்மா இங்கே மாறி வந்தோம்? காலை நனைத்துக்கொண்டு கூட்டம் நடத்த முடியுமா?"

"அப்படியென்றால் மாறி வந்த தூரத்தையும் சேர்த்து எண்ணித் தொலையுங்கள்."

"கூட்டம் நடக்கும் இடத்திலிருந்துதான் எண்ண வேண்டும். அதுதான் விதி."

அடுத்த வாரமே ஓர் அலை மூன்று முட்டைகளையும் கொண்டுபோனது. குருவி கத்தி ஓய்ந்தது. பிறகு மேட்டில், தாழம்புதர் ஓரமாக, புதிதாக இரண்டு முட்டையிட்டு அடைகாத்தது.

மறு மாதம் நண்டுகள் வரிசையாக மேடேறித் தாழம்புதருக்கு வந்து சேர்ந்தன.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரம்மா," என்றது தலைவர் நண்டு. "இனிமேல் கூட்டம் இங்கேதான்."

பிறகு இறங்கிப் போய் எண்ணிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தது.

"பார்த்தாயா, அதே நாற்பது."