பதினாலாம் நம்பர் மனு

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டுங்க, விலியாமி!"

'சார், அந்த ரோஸ்டர் வேலை விஷயமா' என்றுதான் ஆரம்பித்திருந்தான் பாவம். நைரி போட்ட போட்டில் மிச்சத்தை முழுங்கிக்கொண்டு வேனைக் கிளப்பினான்.

பஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற அதிகாரி அவள். பின் சீட்டில் அவள் பக்கத்தில் ஜெனரல் மேனேஜர் டிரெவர். வேன் ஆக்லாந்து விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள், புது ரோஸ்டர் அதிகாரி யார் என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். எந்த டிரைவர், எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று தீர்மானிக்கிற வேலை.

அதற்கு விலியாமி ஏற்கெனவே நாலு தடவை மனு போட்டவன். பேரைப் பார்த்ததுமே, "நம்ம டோங்கா தீவு ஆளா? நல்லா ஓட்டுறான், ஓட்டட்டும்" என்று நாலு தடவையும் ஓரம் கட்டிவிட்டார்கள். இது ஐந்தாவது. இதுவும் போனால் இந்த ஜென்மத்தில் கேட்கமாட்டேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

"இந்தத் தடவை பேரு, ஊரு, வயசு எதுவும் கிடையாது. வெறும் நம்பர்தான்" என்றார் டிரெவர் பெருமையாக. "யாரா இருந்தா என்ன, நம்ம கம்பெனியில எல்லாருக்கும் ஒரே மரியாதை! ஏம்ப்பா டிரைவர், ஏசியைக் கொஞ்சம் கூட்டு."

ஆறு மாதமாக அவரை ஏற்றி இறக்குகிறான். இன்னும் அவன் பேர் 'ஏம்ப்பா டிரைவர்'தான்.

"ஆறாம் நம்பரும் பதினாலாம் நம்பரும்தான் மிச்சம். பதினாலு என்ன எழுதியிருக்குன்னு கேளு, நைரி. 'பஸ் லேட்டாகவில்லை, அட்டவணைதான் அவசரப்படுகிறது. கடைசி ஸ்டாப்பில் டிரைவருக்கு நாலு நிமிஷம் போதாது, பதினோரு நிமிஷம் கொடுங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்தவன் பயணிகள் மேல் எரிந்து விழமாட்டான்.' அடடா! லண்டன்ல படிச்ச ஆளா இருக்கும்."

விலியாமிக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலு அவனுடைய நம்பர்!

"சார், லண்டனெல்லாம் இல்ல சார், அது வந்து..."

"ரோட்டைப் பாருங்க!" நைரி சீறினாள். "உங்களை யாராவது கேட்டாங்களா?"

சரியான ராட்சசி! பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு இதுதான் மரியாதை போலிருக்கிறது.

அதற்குள் டிரெவர் முகத்தைச் சுளித்தார். "இது என்ன கூத்து? 'ரெண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால், பின்னால் வருவதை முன்னால் விடுங்கள்.' வரிசையா வர்ற வண்டியை எதுக்குக் கலைக்கணும்? உளறி வெச்சிருக்கு. விடு, ஆறாம் நம்பருக்கே கொடுத்துடலாம்."

விலியாமி பதறிப்போய்ப் பாதி திரும்பினான். "சார், அது எப்படின்னா..."

"இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்கன்னா உங்களை இறக்கிவிட்டுட்டு வேனை நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்!"

பூட்டு வாய்க்குத்தானே? ஸ்டீயரிங்குக்கு யாரும் போடவில்லையே! சட்டென்று மோட்டார்வேயை விட்டு இறங்கி, மாங்கரே கடைத்தெருப் பக்கம் வேனைத் திருப்பினான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

"என்னப்பா இது, எனக்கு ஃப்ளைட் இருக்கு!" என்றார் டிரெவர்.

நேரம் நிறைய இருக்கிறது என்று கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான் விலியாமி. வாயை மட்டும் திறக்கவில்லை.

நினைத்தபடியே முன்னால் ரெண்டு பஸ். முதல் பஸ்ஸில் பிள்ளைகள், கால் வைக்க இடமில்லை. அதை ஒட்டிக்கொண்டே வந்த அடுத்த பஸ்ஸில் மொத்தமே மூணு பேர். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முதல் பஸ் நின்று ஆள் ஏற்றித் திணறியது. காலி பஸ் பின்னால் சும்மா நின்றது. அதற்குப் பின்னால் இவர்களும் நின்றார்கள்.

மூணாவது ஸ்டாப்பில் டிரெவருக்குப் பொறுமை போய்விட்டது. "அட அறிவு கெட்டவனுங்களா! அந்தக் காலி பஸ் முன்னால போய் அடுத்த ஸ்டாப்புல ஆள் ஏத்தினா என்ன குறைஞ்சா போயிடும்? பின்னால வர்றதை முன்னால..."

பாதியில் நிறுத்திவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நைரி! பதினாலுதான்! முடிவு பண்ணியாச்சு. கூப்பிடு அந்த ஆளை, இப்பவே!"

நைரி தன் பட்டியலைப் பார்த்து நம்பரை அழுத்தினாள். விலியாமியின் சட்டைப் பையில் போன் அலறியது. வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எடுத்தான்.

"ஹலோ, விலியாமி பேசறேன்."

டிரெவர் அவனையும் அவன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயா? அதாவது... நீங்களா? அட மனுஷா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எங்க சார், இந்தம்மா சொல்ல விட்டாத்தானே!" இத்தனை நேரம் அடக்கி வைத்த கோபமெல்லாம் கொட்டிவிட்டது விலியாமிக்கு.

நைரி போனை அணைத்துவிட்டு, அப்பாடா என்று சீட்டில் சாய்ந்தாள்.

"மனு பாரத்துல அச்சடிச்ச கடைசி வரியைப் படிச்சீங்களா, அண்ணே? முடிவாகறதுக்கு முன்னாடி ஆள் யாருன்னு சாருக்குத் தெரிஞ்சுட்டா மனு செல்லாது. மூணு தடவை உங்க வேலைக்கு நீங்களே உலை வைக்கப் பாத்தீங்க. உங்க வாயை அடைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டையே வத்திப் போச்சு!"